தட்டி நிமிர்த்துவதும் வெட்டிப் பொருத்துவதும்

1947 கோடையில் செவ்ரோலே நிறுவனம் 'அட்வான்ஸ் டிசைன்' என்ற பெயரில் புதிய டிரக் வரிசையை வெளியிட்டது. 1955 தொடக்கம் வரை அந்த உருவம் பெரிய மாற்றமின்றி நீடித்தது. உருண்டு திரண்ட மட்கார்டுகள், முதலை வாய் போலத் திறக்கும் பானெட், பலகை பாவிய சரக்குத் தொட்டி. அன்று அமெரிக்க விவசாயி வைக்கோலும் உரமூட்டையும் ஏற்றிய பிக்அப் அது. இன்று அதே வண்டியைக் கொட்டகை மூலையிலிருந்து இழுத்து வந்து ஆண்டுக்கணக்கில் மீட்டெடுக்கிறார்கள். எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த உதிரியை மாற்றிப் பூட்டிவிடலாம். ஆளைத் திணற வைப்பது பாடித் தகடுதான்.

அந்தத் தகட்டு வேலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருக்கிற தகட்டையே சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது. மற்றது, கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டை வெல்டிங் செய்து பொருத்துவது. முதல் வழிக்காரர் இரண்டாமவரை 'உதிரி பூட்டுகிறவர்' என்பார். இரண்டாமவர் முதலாமவரை 'வீண் பிடிவாதக்காரர்' என்பார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சண்டை எங்கே பிசகியது என்று தெரியும்.

சொட்டையும் ஓட்டையும்

தகட்டுக்கு இரண்டு விதமாகக் கேடு வருகிறது. ஒன்று அடி. மரக்கட்டை விழுந்தோ வேலிக் கம்பத்தில் இடித்தோ தகடு சொட்டையாகிறது. அங்கே இரும்பு எங்கும் போய்விடவில்லை. இடம் மாறி நிற்கிறது. மற்றது துரு. அங்கே இரும்பே இல்லை, செம்பொடியாக உதிர்ந்துவிட்டது.

இந்த டிரக்குகளில் துரு பிடிப்பது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்: கேபினின் பின்மூலைகள், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித்தகடு, கதவின் கீழ்விளிம்பு, கால் வைக்கும் தரை. எல்லாமே இரண்டு தகடுகள் சேர்ந்து நடுவே பொந்து விழுகிற இடங்கள். மேலிருந்து வரும் தூசி அங்கே தங்குகிறது, நீர் வடியும் துளையை அடைக்கிறது, மண் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்கிறது. பெயின்ட் வெளியே பளபளக்க, அரிப்பு உள்ளிருந்து வருகிறது. அதனால் பழைய வண்டி வாங்கப் போகிறவர் பையில் ஒரு காந்தமும் குத்தூசியும் இருக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறது. குத்தூசி இறங்குகிற இடத்தில் தகடு செத்துவிட்டது.

கையின் வழி

சுத்தியல், டாலி, அரம். தட்டுகிற வழிக்கு முதன்மையான கருவிகள் இந்த மூன்றுதான். டாலி என்பது உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கட்டி. தகட்டின் பின்புறம் அணை கொடுப்பது அதன் வேலை. டாலிக்கு நேர் மேலே அடித்தால் தகடு இரண்டு இரும்புக்கும் நடுவில் நசுங்கி, மெலிந்து, விரியும். டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்து, சுத்தியலைப் பக்கத்து மேட்டில் போட்டால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும், தகடு விரியாது. கற்றுக்குட்டி முதலில் சொன்ன முறையிலேயே தட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் சொட்டை இருந்த இடத்தில் தொப்பை வந்திருக்கும்.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். அடி விழுந்த வரிசைக்குத் தலைகீழாகப் போக வேண்டும். கடைசியில் மடங்கியதை முதலில் விடுவிக்க வேண்டும். மடிப்பு விழுந்த கோட்டில் இரும்பு இறுகிப்போயிருக்கும். சொட்டையைப் பூட்டி வைத்திருப்பது அந்தக் கோடுதான். அதை விடுவித்தால் சுற்றியுள்ள தகட்டில் பெரும்பகுதி தானே பழைய இடத்துக்குத் திரும்பும். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிப்பவர் தானாகத் திரும்ப வேண்டியதையும் கெடுத்துவிடுகிறார். இந்த வேலையில் கண்ணைவிட உள்ளங்கை நம்பகமானது. மெல்லிய துணியுறை போட்ட கையை நீளவாக்கில் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத மேடும் தட்டுப்படும். பிறகு அரத்தை லேசாக இழுத்தால் மேடு மின்னும், பள்ளம் கறுத்தே நிற்கும்.

வெட்டின் வழி

வெட்டுவது பார்வைக்குச் சுலபம். கிரைண்டரை எடுத்தால் அரை மணியில் துருப்பிடித்த மூலை தரையில் கிடக்கும். ஆனால் வெட்டுக்காரரின் திறமை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மட்கார்டுகள் போல்ட் போட்டவை, கழற்றி மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். கேபின் அப்படியல்ல, பல தகடுகள் வெல்டிங்கால் ஒன்றான கூடு. கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக் கொடுக்காமல் மூலையை வெட்டினால் கூடு தளரும். பிறகு கதவு சாத்தாது. அதனால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவார்கள், கதவை மாட்டி மாட்டி இடைவெளி பார்ப்பார்கள். இந்த டிரக் வரிசையில் 1949 முதல் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைக்காமல் வெல்டிங் பொறியை மூட்டுவது உயிரோடு விளையாடுவது.

புதுத் துண்டைப் பழைய தகட்டின் மேல் ஏற்றி ஒட்டுவது எளிது. ஆனால் அந்த மேற்கவிப்புக்குள் ஈரம் நுழைந்து, எந்தத் துருவை விரட்ட வெட்டினோமோ அதே துருவுக்குப் புது வீடு கட்டிக் கொடுக்கும். விளிம்போடு விளிம்பாகச் சேர்ப்பதே நல்ல ஒட்டு. அதற்குத் துண்டை மயிரிழை பிசகாமல் ராவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சூடு: வேலைக்காரனா, திருடனா?

இரு வழிகளும் நேருக்கு நேர் மோதும் இடம் சூடு. விரிந்துபோன தகட்டைச் சுருக்கத் தட்டுகிறவர் காசளவு வட்டத்தைச் சிவக்கக் காய்ச்சுகிறார். சூடான இரும்பு விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை. போக்கிடம் இல்லாமல் அது அங்கேயே தடிக்கிறது. ஆறும்போது சுருங்கி, சுற்றுப்புறத்தையும் தன்னை நோக்கி இழுத்துக்கொள்கிறது. தொப்பை அடங்குகிறது.

வெல்டிங் கோட்டில் நடப்பதும் இதே இயற்பியல்தான். அங்கே யாரும் கேட்காமல் நடக்கிறது. ஒரே மூச்சில் நீளக்கோடு இழுத்தால் கோடு நெடுகச் சுருங்கி, தட்டையான கதவுத் தகடு அலையலையாக நெளிந்துவிடும். அதனால் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவில் ஆறவிட்டுப் போகிறார்கள். அப்படியும் சுருங்கியதை எதில் சரி செய்வது? ஒட்டின் மேல் டாலிக்கு நேராகச் சுத்தியலால் தட்டி விரியவைத்துத்தான். கற்றுக்குட்டியின் பிழையாக இருந்த அடி இங்கே மருந்தாகிறது. ஆக, சுத்தியல் பழகாதவர் வெட்டு வேலையையும் ஒழுங்காக முடிக்க முடியாது. இரண்டும் எதிரெதிர் வழிகள் என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

கடைசிப் பூச்சு

இரண்டு வழியிலும் சிறு குறை மிஞ்சும். முன்பு அதை ஈயத்தால் நிரப்பினார்கள். எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கினாலும், முழுதாக உருக 250 டிகிரியைத் தாண்ட வேண்டும். இடைப்பட்ட சூட்டில் அது பிசைந்த மாவு போல இருக்கும். எண்ணெய் தடவிய மரக்கரண்டியால் வழித்துப் படியவைப்பார்கள். 1950களில் பாலியெஸ்டர் பிசினில் மாக்கல் பொடி கலந்த பட்டி வந்ததும் அந்தக் கலை ஒதுங்கியது. பட்டியைக் குறை சொல்வது வழக்கம். குற்றம் அதன் மேல் இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் பூசினால் அது சமன் செய்யும் பூச்சு. விரற்கடை தடிமனில் பூசினால் அது ஈரம் உறிஞ்சும் சுவர்.

எதை வைத்து முடிவெடுப்பது?

திறமையைப் பார்த்தால், பொறுமையுள்ள புதியவர் ஓரிரு வண்டிகளில் வெட்டுவழி பழகலாம். தட்டுவழிக்குக் கை பழக ஆண்டுகள் ஆகும். தவறைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. தப்பாகத் தட்டியதைத் திரும்பத் தட்டலாம். தப்பாக வெட்டியது வெட்டியதுதான்.

வண்டி எது என்பதும் கணக்கில் வரும். அட்வான்ஸ் டிசைனுக்குப் புதிதாக அச்சடித்த தகடுகள் பெரும்பாலும் விலைக்குக் கிடைக்கின்றன. வளைவுகள் சற்று மழுங்கியிருக்கலாம், துளைகள் சற்றுத் தள்ளியிருக்கலாம், ஆனாலும் கிடைக்கின்றன. அதே காலத்து ஸ்டூட்பேக்கர் பிக்அப் வைத்திருப்பவருக்கு அந்த வசதி குறைவு. அந்த நிறுவனம் 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அவருக்கு முழு மட்கார்டு கிடைப்பது அரிது, சுத்தியல்தான் துணை. அமெரிக்காவின் ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப், மூல நிலையிலேயே காக்கப்பட்ட வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அந்தக் கண்ணோட்டத்தில், ஆலையிலிருந்து வந்த தகட்டில் ஒரு சாண் மிச்சப்படுத்தினாலும் அது லாபம்.

ஆனால் இவையெல்லாம் இரண்டாம் கேள்விகள். முதல் கேள்வி, இரும்பு இடம் மாறியிருக்கிறதா, இல்லாமலே போய்விட்டதா என்பதுதான். இடம் மாறியதை வெட்டுவது விரயம். இல்லாததைத் தட்டுவது ஏமாற்று. ஒரே மட்கார்டின் மேல்வளைவில் சுத்தியலும் கீழ்விளிம்பில் வெல்டிங்கும் தேவைப்படுவது சாதாரணம்.

வேலை முடிந்து பெயின்ட் அடித்த பிறகு முன்பக்கம் எதையும் சொல்லாது. டார்ச்சோடு மட்கார்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சீரான சுத்தியல் தடம் இருந்தால் தட்டியிருக்கிறார்கள். மெல்லிய ஒட்டுக்கோடும் அதன்மேல் துருத்தடுப்புப் பூச்சும் இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். இரண்டுமே நாணயமான வேலை. தகட்டில் துளை போட்டுக் கொக்கியால் இழுத்துவிட்டு, மேலே அப்பிய பட்டி அந்தத் துளைகள் வழியே முறுக்கு அச்சில் பிழிந்த மாவு போலத் தொங்கினால், அங்கே தட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை.