நீர்வெறுப்பு என்னும் பெயர்

எண்ணெயும் நீரும் தம்முள் கலவா என்பது யாவரும் அறிந்ததே. எண்ணெய் நீரை வெறுத்தலே இதற்குக் காரணம் போலும் எனக் கருதத்தக்கவாறு, அறிஞர் இப் பண்பினை ‘நீர்வெறுப்பு’ என வழங்கலாயினர். அப் பெயர் பொருந்துமா என்பதை அறிதற்கு ஆராய்ச்சியின் வரலாற்றையே நோக்குதல் வேண்டும்.

இலண்டனை அடுத்த கிளப்பம் என்னுமிடத்துக் குளமொன்றிலே பென்சமின் பிராங்கிளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அது அரை ஏக்கர் வரை பரந்து சிற்றலைகளை அடக்கிற்று. 1774 இல் இச்செய்தி அச்சேறியது. வெறுக்கும் பொருள் நீர்மீது இத்துணை விரைந்து பரவுவது எங்ஙனம்?

இதற்கு விடை காணும் வழியைத் திறந்தவர் பல்கலைக்கழகம் புகாத ஒரு பெண்மணியாவர். செருமனியின் பிரவுன்சுவைக் நகரிலே பெற்றோரைப் பேணி இல்லத்திலிருந்த ஆக்னசு பொக்கெல்சு, தகரத் தொட்டியொன்றில் நீரை நிரப்பி, அதன் மேற்பரப்பிழுவிசை மாசுகளால் மாறுபடுமாற்றை அளந்தார். தம் முடிபுகளை 1891 இல் றேலிப் பிரபுவுக்கு எழுத, அவர் அக்கடிதத்தை ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தமையை நினைக்குந்தோறும், முகமறியாத ஒருவரின் கடிதத்தை மதித்த றேலியின் பண்பும் போற்றற்குரியதே. அவ்வழியிற் சென்ற இலங்மூர், 1917 இல், இத்தகைய எண்ணெய்ப் படலம் ஒரு மூலக்கூற்றின் தடிப்பே உடையதென்றும், மூலக்கூற்றின் ஒரு முனை நீரைப் பற்ற, நெடிய வாற்பகுதி மேலே விலகி நிற்குமென்றும் காட்டினார்.

அவ் வால் விலகுவது ஏன்? 1945 இல் பிராங்கு, எவான்சு என்போர் நோக்கை எண்ணெயிலிருந்து நீரின்பாற் திருப்பினர். நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றுவன. எண்ணெய் மூலக்கூறு இடையே புகின், அயலிலுள்ள நீர் ஒழுங்குபட்டு நிற்க நேருமென்றனர். அவர்கள் கூறிய பனிக்கட்டி உவமையைப் பின்வந்தோர் பெரிதும் தளர்த்தினர். எனினும், இழப்பு நீருடையதே என்னும் கருத்து நிலைத்தது. எண்ணெய்ப் பகுதிகள் ஒன்றுசேரின் நீர் சூழவேண்டிய பரப்புக் குறைகின்றது. ஆதலின், அவற்றை நெருக்குவது நீரேயாகும். 1959 இல் கோஸ்மன் என்பார், புரதங்கள் மடிந்து உருப்பெறுதற்கும் இதுவே தலையாய காரணமென வாதித்தார். மறு ஆண்டிலே கெண்ட்ரூ குழுவினர் வெளியிட்ட மயோகுளோபின் அமைப்பிலும் எண்ணெய்த் தன்மையுடைய பகுதிகள் பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருந்தன.

1979 இல், தொண்ணூற்றேழு வயது முதியவரான இல்டபிராண்டு, எண்ணெய்க்கும் நீருக்குமிடையே உள்ளது கவர்ச்சியேயன்றி வெறுப்பன்று எனப் பெயரையே மறுத்தெழுதினார். அவர் மறுப்பு நியாயமானதே. ஆயினும் பெயர் மாறவில்லை.

எஞ்சியது அளவீடு. 1982 இல் இசுரேலச்விலியும் பாஷ்லியும் மைக்காத் தகடுகளின் மீது நீரொட்டாப் படலம் படிவித்து, நீரினுள் அவற்றை அணுகச் செய்தனர். பத்து நனோமீற்றர் இடைவெளியிலேயே கவர்ச்சி தோன்றிற்று. நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கு. பின்னர்ச் சிலர் அதனினும் பன்மடங்கு தொலைவிலும் கவர்ச்சி கண்டனர், அறிஞர் திகைத்தனர். 1994 முதல், பரப்பிலே ஒட்டிய நுண்ணிய காற்றுக் குமிழிகள் இணைந்து தகடுகளை இழுத்திருக்கலாமெனப் பலர் காட்டினர். படலம் திட்டுத்திட்டாய்ச் சிதைந்தவிடத்து மின்னேற்றங்களும் அவ்வாறே இழுத்தன. கரைந்த காற்றை அகற்றி அளந்தபோது தொலைவு குறுகிற்று. நீருக்கே உரிய கவர்ச்சி எத்துணை நனோமீற்றர் வரை செல்லும் என்பது பற்றி ஆய்வாளர் இன்றும் ஒருமைப்பட்டாரல்லர்.