மல்லாட்டையும் தண்ணீரும்
நம்ம தென்னாற்காட்டு மல்லாட்டை ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. பருப்பு கெட்டு வருகிறது என்று அங்கிருந்து புகார் வந்தது. காரணம் உடைத்த முறைதான். தோல் சுலபமாகக் கழல, காயில் தண்ணீர் தெளித்துத் தடியால் அடிப்பார்கள். ஈரப் பருப்பு கப்பலிலேயே புழுங்கிப்போகும். பிறகு காய்ந்த காயை உடைக்கும் மிஷின் வந்தது.

ஆனா பழக்கம் போகலை. நான் கூலிக்கு உடைக்கப் போன இடத்திலும் தண்ணீர் தெளிச்சுத்தான் காயைக் கொட்டுவாங்க. எடை கூடத் தெளிக்கிறவங்களும் உண்டு. அவங்களைப் பத்தி எழுத இந்த மலர் பத்தாது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. தீவனத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் தெரியவந்தது. ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாப் போகாது. நம்ம குழுக்கள் போடுற கடலை மிட்டாயைத் தின்பது பிள்ளைங்க.

பிடுங்கும்போது காயில் 35 முதல் 50 சதவீதம் ஈரம் இருக்கும். பருப்பில் அது 7 சதவீதத்துக்கு இறங்கணும். குலுக்கினா கலகலன்னு சத்தம் கேட்கணும். அதுக்கப்புறம்தான் சாக்கு, அதுவும் தரையில் இல்லை, பலகை மேலே, சுவரை ஒட்டாம.