ஒன்பதா, பத்தா?

மின்கிதார் வாசிக்கும் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்ளும்போது, பக்கத்தில் நின்று அவர்கள் பேச்சைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். யார் உன் ஆதர்சம், எந்த இசை உன்னை உலுக்கியது என்றெல்லாம் அங்கே யாரும் விசாரிப்பதில்லை. "ஒன்பதா, பத்தா?" என்பார் ஒருவர். "பத்து. ஆனால் டி-க்கு இறக்கி வைத்திருக்கிறேன்" என்பார் மற்றவர். ஒன்பது, பத்து என்பவை கிதாரின் மிக மெல்லிய தந்தியின் பருமன். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்பது கூறு, பத்துக் கூறு. அங்கிருந்து பேச்சு ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், பெடலுக்குப் போகும், பழைய வால்வுக்குப் போகும். இருவரும் ஹெவி மெட்டல் பக்தர்களாக இருந்துவிட்டால், எந்தக் குழு எந்த ஆல்பத்தோடு சோரம்போனது என்ற தீராத வழக்கும் சேர்ந்துகொள்ளும். மறுநாளும் இதே பேச்சுத்தான்.

இந்த அரட்டையைப் பொருட்படுத்தி எழுதியவர்கள் குறைவு. ஹெவி மெட்டலைப் பற்றி எழுத வந்தவர்களில் பலர் பாடல் வரிகளில் சாத்தானைத் தேடினார்கள். அல்லது பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நாமும் வெகுகாலம் இந்தத் தந்திப் பருமன் சர்ச்சைகளைக் கொட்டாவியோடு கடந்து போனவர்கள்தாம். ஆனால் இவ்விசையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால் ஓரிடத்தில் நின்றுவிட நேர்கிறது. பாடசாலை இல்லை, அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் இல்லை, தொடக்க காலத்தில் எழுதிவைத்த ஸ்வரக் குறிப்புகூட அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கைப்பக்குவம் நாடு விட்டு நாடு போயிருக்கிறது. எதன் வழியே போயிற்று என்று கேட்டால், இந்தச் சலிப்பூட்டும் பேச்சைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

தந்தியின் பருமனிலேயே தொடங்கலாம். 1965-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், உலோகத் தகடு ஆலையொன்றில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு அங்கே கடைசி நாள். ஓர் இசைக்குழுவோடு வெளிநாடு போவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தவன் திரும்பிப் போகாமலே இருந்துவிட நினைத்தான். ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். அன்று வராத ஒருவருக்குப் பதிலாக, பழக்கமில்லாத அழுத்து இயந்திரத்தில் அவனை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி துண்டாயின. அயோமி இடக்கையர்; அவர் தந்திகளை அழுத்தும் கை வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928-ல் வண்டிவீடு தீப்பிடித்ததில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியும் ஜாஸ் கிதாரின் பெருங்கலைஞராக ஆனவர் ரைன்ஹார்ட். இந்த வரலாற்றில் நம்மை மிகவும் தொடும் இடம் இது. ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் அடிபட்ட தொழிலாளியிடம், இதைக் கேள், இவனுக்கும் இரண்டு விரல் இல்லை என்று சொன்ன அந்தப் பேச்சு நிகழாமல் போயிருந்தால் மேற்கொண்டு எழுத நமக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அயோமி பாத்திரம் துலக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார்; தந்தி வழுக்காதிருக்க அதன்மேல் தோல் துண்டை ஒட்டினார். உறையின் வழியே தந்தியின் தொடுஉணர்வு தெரியாது; எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். அக்காலத் தந்திகளோ தடிமனானவை. மெல்லிய தந்தி செய்து தரச் சொல்லிக் கேட்டபோது தயாரிப்பாளர்கள் மறுத்ததை, 2011-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். பான்ஜோவின் தந்திகளை எடுத்துக் கிதாரில் மாட்டிச் சமாளித்தார். (அமெரிக்காவிலும் வாத்தியக்காரர்கள் இதே உபாயத்தைக் கையாண்டுவந்தார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த எர்னி பால் என்ற கடைக்காரர்தான் 1962-ல் மெல்லிய தந்திகளைத் தொகுப்பாக விற்கத் தொடங்கினார்.)

பிறகு சுருதியை இறக்கினார். 1971-ல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் கிதார் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைசுரம் கீழே இருக்கிறது. அதே தந்தியை அவ்வளவு தளர்த்தினால் இழுவிசை சுமார் முப்பது சதவீதம் குறையும். காயம்பட்ட விரலுக்கு ஆறுதல். கூடவே, இருண்டு கனத்த ஓர் ஒலியும் பிறந்தது. காந்தாரத்தை விட்டுவிட்டு ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டும் வழக்கத்திலும் இதே பொருத்தம் உண்டு. ஒலியை முறுக்கிச் சிதைக்கும் டிஸ்டார்ஷனில் காந்தாரம் கலங்கிப்போகும், பஞ்சமம் நிற்கும்; அதற்கு இரண்டு விரல் போதும். இன்று கிதார்க்காரர் ஒருவர் "சி ஷார்ப்பில் இறக்கியிருக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது, அறிந்தோ அறியாமலோ ஓர் ஆலை விபத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

ஆம்ப்ளிஃபயரின் கதையும் பேச்சில் தொடங்குவதுதான். லண்டனின் ஹான்வெல் பகுதியில் 1960-ல் ஜிம் மார்ஷல் என்ற டிரம் ஆசிரியர் டிரம் விற்கும் கடை திறந்தார். டிரம் வாசிப்பவர்களோடு கிதார்க்காரர்களும் வந்து குந்திக்கொண்டார்கள். பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்றோர் அப்போது இளைஞர்கள். எங்களுக்கு வேண்டிய ஒலி எந்தக் கடையிலும் இல்லை என்பது அவர்களுடைய ஓயாத புலம்பல். 1962-ல் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பத் தோழர்களும் ஃபெண்டர் பாஸ்மன் என்ற அமெரிக்கக் கருவியைப் பிரித்துப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு தங்களுடையதைச் செய்தார்கள். பர்மிங்ஹாமிலேயே லிண்டன் லேனி என்ற இளைஞர் 1967-ல் ஆம்ப்ளிஃபயர் கட்டத் தொடங்கினார். அயோமி வாசித்தது அதில்.

பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. அநேகமாக ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டது. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் அதை மட்டந்தட்டி எழுதியவர் லெஸ்டர் பாங்ஸ், அந்தத் தலைமுறையின் மிகக் கூர்மையான விமர்சகர்களில் ஒருவர். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் பாட்டைக் கேட்டார். கடை வாசலில் நின்றவர்கள் 'இவன் எப்படி இந்த ஒலியைக் கொண்டுவந்தான்?' என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடியவர்களே அடுத்த தலைமுறைக் குழுக்களை அமைத்தார்கள்.

எழுபதுகளின் இறுதியில் வடமேற்கு லண்டனின் கிங்ஸ்பரியில், மதுக்கூடமொன்றை ஒட்டிய அரங்கில், நீல் கே என்பவர் ஹெவி மெட்டல் தட்டுகளை மட்டும் ஒலிக்கவிட்டு வந்தார். ரசிகர்கள் அட்டையிலும் மரப்பலகையிலும் கிதார் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, தந்தியே இல்லாத அவ்வாத்தியங்களை வாசிப்பதாக ஆடினார்கள். இதைப் பரிகசித்தவர்கள் பலர். நமக்கோ அந்த அட்டைக் கிதார் மிகுந்த மரியாதைக்குரியதாகப் படுகிறது. விரல் எங்கே போகிறது என்று கவனித்துப் பார்த்தவனால்தான் அப்படி ஆட முடியும். அங்கே ரசிகர்கள் விரும்பிக் கேட்ட பாடல்களின் வரிசை 'சவுண்ட்ஸ்' வார இதழில் அச்சாகியது. அயர்ன் மெய்டன் என்ற பெயர் தெரியாத குழு கொண்டுவந்து கொடுத்த ஒலிநாடா அந்த வரிசையில் ஏறியது இப்படித்தான்.

ஒலிநாடாதான் அடுத்த கட்டம். கடைக்கு வராத இசையை ரசிகர்கள் வீட்டில் படியெடுத்துத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். படியின் படி, அதன் படி என்று போகப்போக இரைச்சல் கூடும். 'இது எத்தனையாவது தலைமுறை?' என்பது கடிதங்களில் தவறாமல் வரும் விசாரிப்பு. தபால் தலைமேல் பசையை மெல்லப் பூசி அனுப்புவார்கள். பெறுபவர் முத்திரையைக் கழுவிவிட்டுத் தலையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சட்டவிரோதம்தான். பதினாறு வயதில், பகுதிநேர வேலையின் சம்பளத்தில் பிரேசிலுக்கும் நார்வேக்கும் பார்சல் அனுப்புபவனுக்கு வேறு வழி இருந்திருக்காது. அக்கடிதங்களில் இருந்தது இன்று நாம் கேட்கும் அதே அரட்டைதான்: என்ன கேட்டாய், என்ன கிதார், உன் ஊரில் யார் வாசிக்கிறார்கள்.

டென்மார்க்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியேறிய லார்ஸ் உல்ரிக், 1981-ன் கோடையில் டைமண்ட் ஹெட் என்ற ஆங்கிலக் குழுவைத் தேடி இங்கிலாந்துக்கே போனான். அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் பாட்டு அமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வாண்டே வரிவிளம்பரம் வழியாக ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் சேர்ந்து தொடங்கிய குழு மெட்டாலிகா. 1982-ல் அவர்கள் பதிந்த நாடா தபால் வழியாகவே அமெரிக்கா முழுதும் சுற்றியது. நியூ ஜெர்சியில் சந்தையில் இசைத்தட்டுக் கடை போட்டிருந்த தம்பதியர் காதிலும் விழுந்தது. அவர்கள் ஒரு நிறுவனம் தொடங்கி 1983 ஜூலையில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

ஆனால் வெற்றி பெற்றவர்களின் கதைக்குச் சாட்சிகள் ஏராளம். நம் மனதில் நிற்பவர் லெய்ஃப் கஸ்னர். எண்பதுகளின் பிற்பகுதியில் ஸ்டாக்ஹோமில் நிஹிலிஸ்ட் என்ற பள்ளிப்பிள்ளைகளின் குழுவில் வாசித்தவர். ஜப்பானின் பாஸ் நிறுவனம் எச்எம்-2 என்றொரு பெடலை 1983-ல் வெளியிட்டிருந்தது. அதில் நான்கு குமிழ்கள். அளவாகத் திருப்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட அந்த நான்கையும் அவர் கடைசிவரை திருப்பிவைத்து வாசித்தார். மரம் அறுக்கும் ரம்பத்தைப் போன்ற ஒலி வந்தது. பிறகு அவருடைய குடும்பம் கனடாவுக்குப் போய்விட, அவரும் போனார். குழுவில் எஞ்சியவர்கள் எண்டூம்ட் என்ற பெயரில் 1990-ல் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தை அதே ஒலியில் பதிந்தார்கள். அது ஸ்வீடன் நாட்டு டெத் மெட்டலின் அடையாளமாகிவிட்டது. வாசித்தவர்கள் பட்டியலில் கஸ்னர் இல்லை. பெடலின் உற்பத்தி 1991-ல் நின்றது. முப்பதாண்டு கழித்து அந்நிறுவனமே அதை மறுபடி செய்து விற்கும்படி ஆயிற்று. கஸ்னரின் பெயர் அழியாமல் இருப்பதற்குக் காரணம், 'நாலு குமிழையும் முதலில் திருப்பியது யார்?' என்று கிதார்க்காரர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததும், உடன் வாசித்தவர்கள் மறைக்காமல் அவர் பெயரைச் சொன்னதும்தான்.

இந்தப் பேச்சைப் புனிதமாக்கும் உத்தேசம் நமக்கில்லை. உள்ளே வர அனுமதிப்பதைப் போலவே வெளியே தள்ளவும் அது வல்லது. 'போலி' என்ற பட்டம் எண்பதுகளில் எத்தனை பேர்மீது எறியப்பட்டது! ஒரு பெண் தான் ரசிகை என்று நிரூபிக்கக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஆண்மையில்லாதது என்று பொருள்படும் வசைகள் மேடையோரத்தில் சர்வசாதாரணம். இதில் ஒரு முரண் உண்டு. கறுப்புத் தோலும் குமிழாணியும் கொண்ட உடையை ஹெவி மெட்டலின் சீருடையாக்கியவர் ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட். அந்த உடை தன்பாலீர்ப்பு ஆண்களின் தோலாடைக் கலாச்சாரத்தில் ஏற்கனவே இருந்தது. தானும் தன்பாலீர்ப்பாளர் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 1998-ல்தான். அதுவரை இருபது ஆண்டுகள், அவருடைய உடையை அணிந்துகொண்டே அவரைப் போன்றவர்களைக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் பெரும்பாலும் அவரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சொற்களின் பக்கம் ஒரு நிமிடம். மிருதங்க வித்வான் வாத்தியமில்லாமல் சொற்கட்டைச் சொல்லிக் காட்டுவதைப் போல, கிதார்க்காரர்களும் தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும் அடியை 'சக், சக்' என்று வாயால் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்வீடனின் மெஷுகா குழுவின் ஒலியை அப்படிச் சொல்லிக் காட்டப் பிறந்த 'ஜென்ட்' என்ற ஓசை, 2010 வாக்கில் ஓர் இசைவகைக்கே பெயராகிவிட்டது. எந்த விமர்சகரும் அந்தப் பெயரை வைக்கவில்லை.

2025 ஜூலை 5 அன்று, பிளாக் சபாத்தின் முதல் நால்வரும் தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக ஒன்றுகூடி வாசித்தார்கள். மெட்டாலிகா அவர்களுடைய பாடல்களை அவர்கள் ஊரிலேயே வாசித்துக் காட்டியது. ஆஸி ஆஸ்பர்ன் நிற்க இயலாமல் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று காலமானார். அயோமிக்கு அப்போது எழுபத்தேழு வயது. தந்திமேல் அழுந்திய அவருடைய வலது கையின் இரு விரல்நுனிகளில் அன்றும் உறைகள் இருந்தன.