லிசுபனில் காக்கப்பட்ட தமிழ்

1554-இல் லிசுபன் நகரில் தமிழ் மறைக்கல்வி நூலொன்று அச்சேறிற்று. எழுத்து உரோமன், மொழி தமிழ். உருவாக்கியோர் வின்செந்தே நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமே தா குரூஸ் என்னும் தமிழர் மூவர். அந்நூலின் படியைப் போர்த்துக்கல் நாட்டின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் காத்து வருகிறது. நம் முத்துக்குளித்துறையிலோ ஒரு படியும் எஞ்சியதாகத் தெரியவில்லை. கரையானையும் கடற்காற்றையும் மட்டும் குறைகூறி என்ன பயன்?

நம் நாட்டிலும் வழியுண்டு. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளியிடப்பெறும் ஒவ்வொரு நூலின் படியும் 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். திருவிழா மலர், பங்கு வரலாறு, நவநாள் செபநூல் என நாமும் ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். அவற்றுள் எத்தனை அங்குப் போய்ச் சேர்ந்தன? எம் பங்கின் நூற்றாண்டு மலரை விருந்தினர்க்கெல்லாம் வழங்கினோம், கன்னிமாராவை மறந்தோம். எஞ்சிய இரு படிகள் பங்கு அலுவலக அலமாரியில் உள்ளன. ஒன்றைப் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது.