ஏடும் தூரிகையும்: அண்டைக் கல்விக்கூடங்களில் கலை பயின்ற வரலாறு

கலையைப் பற்றிக் கற்பது ஒன்று. கலையைச் செய்யக் கற்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் அமைவது அரிது. ஏடும் நூலகமும் பல்கலைக் கழகத்தின் பங்காயின. தூரிகையும் களிமண்ணும் கலைப்பள்ளியின் பங்காயின. இரண்டையும் விரும்பும் பட்டப்படிப்பு மாணவர் ஓரிடத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, மற்றோரிடத்தின் வாயிலையும் தட்ட வேண்டியவராகிறார். அவ்வாயில் திறக்குமா? காஜாங் வட்டாரத்தில் வாழும் நம் மாணவர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

மேலைநாடுகள் இதற்கு இருவகை விடை கண்டன. முதலாவது, பட்டறையையே பல்கலைக் கழகத்துள் கொணர்வது. இலண்டனில் 1871-இல் தொடங்கிய சிலேடு கலைப்பள்ளி, யுனிவர்சிட்டி கல்லூரியின் ஓர் உறுப்பாகவே அமைந்தது. இரண்டாவது, இரண்டையும் தனித்தனியே இருக்கவிட்டு, இடையிலுள்ள வாயிலைத் திறப்பது. அமெரிக்காவின் பிராவிடன்சு நகரில் 1764-இல் நிறுவப்பெற்ற பிரவுன் பல்கலைக் கழகமும், 1877-இல் நிறுவப்பெற்ற ரோட் ஐலண்டு வடிவமைப்புப் பள்ளியும் ஒரே குன்றின்மேல் அருகருகே உள்ளன. ஒன்றில் பதிந்த மாணவர் மற்றொன்றில் பாடம் பயின்று, அதனைத் தம் பட்டத்துக்குரிய கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2008 முதல், ஐந்தாண்டு பயின்று இரு நிறுவனங்களின் பட்டங்களையும் பெறும் திட்டமும் அங்கு நடைபெறுகிறது.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். மலாயாப் பல்கலைக் கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. ஆங்குக் கலை வரலாற்றைக் கற்பித்தவர் மைக்கேல் சல்லிவன். 1955-இல் எழுந்த பல்கலைக் கழகக் கலைக் காட்சியகத்தின் முதற் காப்பாளரும் அவரே. 1959-இல் கோலாலம்பூரில் தனிப் பிரிவு அமைந்தது. 1962-இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக் கழகங்களாயின. காட்சியகத்தின் பொருள்களும் இரண்டுக்கும் பங்கிடப்பட்டன. கோலாலம்பூரில் 1974-இல் அமைந்த ஆசியக் கலைக் காட்சியகம் இம்மரபின் வழிவந்ததே. இது பார்த்தும் படித்தும் கலையை அறியும் நெறி.

செய்து பழகும் நெறியோ வேறு வழியில் வளர்ந்தது. பீட்டர் ஹாரிஸ் 1952-இல் கோலாலம்பூரில் புதன்கிழமைக் கலைக்குழுவைத் தொடங்கினார். 1958-இல் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. ஓவிய ஆசிரியரையும் பயிற்றுவிக்கும் சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரி 1960-இல் எழுந்தது. 1967-இல் மாரா தொழில்நுட்பக் கழகம் கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியது. அக்கழகம் பூமிபுத்ரா மாணவர்க்கென அமைந்ததாதலின், தமிழ் மாணவர் அப்பட்டறையை நாடும் வழி இல்லாது போயிற்று. அதே ஆண்டில் தொடங்கிய தனியார் நிறுவனமான மலேசியக் கலைக் கழகம் போன்றவற்றையே அவர்கள் நாட வேண்டியிருந்தது.

இவ்விரு நெறிகளையும் இணைத்தவை விதிகள் அல்ல, மனிதர்களே. ஓவியர் சையது அகமது ஜமால் சிறப்பாசிரியர் கல்லூரியில் பணியாற்றினார். பின்னர் மலாயாப் பல்கலைக் கழகப் பண்பாட்டு மையத்தின் இயக்குநரானார். 1983 முதல் 1991 வரை தேசியக் கலைக்கூடத்தை நடத்தினார். ஆசிரியர் ஒருவர் கடக்க முடிந்த எல்லையை மாணவரும் கடப்பதற்கு முறையான வழி வகுக்கப்பட்டிருந்தால் எத்துணை நன்மை விளைந்திருக்கும்!

இதனால் தமிழ்க் கல்விக்கு நேரும் இழப்பு யாது? மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்திய இயல் துறை 1956-இல் தொடங்கியது. அத்தகைய துறையில் பயிலும் மாணவர் ஒருவர் சோழர் காலச் செப்புத் திருமேனியைப் பற்றிக் கட்டுரை வரைகிறார் எனக் கொள்வோம். காலமும் இலக்கணமும் அவர் நூலில் காண்பார். ஆயின் சுவாமிமலைச் சிற்பி தென்னை ஓலை நறுக்கை மடித்து உறுப்புகளின் அளவைக் குறிப்பதும், மெழுகில் உருவைச் செய்து அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்றி, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதும் கையால் பழகினாலன்றி முழுதும் விளங்கா. வார்த்த அச்சை உடைத்தே உருவை வெளியே எடுக்க வேண்டும். ஆதலின் ஓர் அச்சுக்கு ஓர் உருவே. ஒரு பருவம் மெழுகைப் பிசைந்தவர் இதனை ஒருபோதும் மறவார். மறுபுறம், வடிவமைப்புப் பயிலும் மாணவர்க்குக் கோலத்தின் புள்ளிக் கணக்கையும் கோயிற் சிற்பத்தின் அளவு முறையையும் எடுத்துரைக்கத் தமிழறிந்தார் துணை வேண்டும். இழப்பு இருபாலார்க்குமே.

காஜாங்கின் இருப்பிடத்தைக் காண்க. வடக்கே செர்டாங்கில், 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த புத்ரா பல்கலைக் கழகம். அங்கு வடிவமைப்புக்கும் கட்டடக் கலைக்கும் தனிப் புலமே உண்டு. தெற்கே பாங்கியில், 1970-இல் நிறுவப்பெற்ற தேசியப் பல்கலைக் கழகம். காஜாங்கிலேயே 1998-இல் தொடங்கிய நியூ இரா கல்லூரி, இன்று பல்கலைக் கழகக் கல்லூரி. செர்டாங், காஜாங், யு.கே.எம். என மூன்று நிலையங்களும் ஒரே கொமுட்டர் ரயில் பாதையில் உள்ளன. பாதை ஒன்று, பதிவேடுகளோ வேறு வேறு. கிரெடிட் மாற்றத்துக்கு நாட்டில் விதிகள் உண்டு. எனினும் ஒரு கல்விக்கூடத்தை விட்டு மற்றொன்றில் சேர்வார்க்குப் பயன்படும் அளவுக்கு, இரண்டிலும் ஒருங்கே பயில விழைவார்க்கு அவை பயன்படுமாறு செய்தல் வேண்டும்.

இது பெருஞ்செலவுக்குரிய செயலன்று. புதிய கட்டடம் வேண்டா. அண்டையிலுள்ள இரு புலத்தார் உடன்பட்டுப் பருவத்துக்கு ஒரு பாடத்தை ஒருவர்க்கொருவர் திறந்துவிட்டால் போதும். அதுவரை தமிழாசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஓவியக் கை உடைய மாணவரைக் கலைத்துறையா, மொழித்துறையா என்று ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைக் கைவிடச் சொல்லற்க. பதிவுசெய்யுமுன் அண்டைப் பல்கலைக் கழகப் பாடம் தம் பட்டத்தில் கணக்காகுமா என்று புலத்தாரிடம் கேட்கவும், ஆம் என்றால் அவ்விசைவை எழுத்தில் பெறவும் சொல்லுக. கேட்கும் மாணவர் பெருகினால் விதியும் ஒருநாள் இளகும்.