ஆக்சிஜன் இல்லாத தண்ணீர்ல செம்பு அரிக்குமா? ஸ்வீடனோட நீண்ட வாக்குவாதம்

ஸ்கூல் கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? நீர்த்த அமிலத்துல துத்தநாகத்தைப் போட்டா ஹைட்ரஜன் குமிழி வரும். செம்பைப் போட்டா வராது. செம்பு அரிக்கணும்னா பொதுவா ஆக்சிஜன் வேணும். இந்தப் பாடத்தை நம்பித்தான் ஸ்வீடன் தன் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டம் போட்டுச்சு.

திட்டத்தோட பேர் கேபிஎஸ்-3. பயன்படுத்தி முடிச்ச எரிபொருளை 5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள செம்புக் குடுவையில அடைச்சு, சுத்தி பென்டோனைட் களிமண் வெச்சு, சுமார் 500 மீட்டர் ஆழத்துல பாறைக்குள்ள புதைக்கணும். அங்க இருக்கிற தண்ணீர்ல ஆக்சிஜன் இல்லை. ஆனா பாதுகாப்புக் கணக்கு 1 லட்சம் வருஷத்துக்கு!

1986-ல குன்னர் ஹுல்ட்குவிஸ்ட்ங்கிற ஸ்வீடன் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆக்சிஜன் இல்லாத சுத்தத் தண்ணீர்லயும் செம்பு அரிச்சு ஹைட்ரஜன் வருதுன்னார். அவர் வாதம் இதுதான்: மூடின பாத்திரத்துல ஹைட்ரஜன் சேர்ந்து வினை நின்னுடும். அது வெளியேற வழி இருந்தா வினை தொடரும். அதனால ஒரு கண்ணாடிக் குடுவையைப் பல்லேடியத்தால மூடினார், இன்னொண்ணைப் பிளாட்டினத்தால. பல்லேடியம் ஹைட்ரஜனை வெளிய விடும். 15 வருஷம் கழிச்சு, பல்லேடியம் மூடின குடுவையில இருந்த செம்பு கறுத்திருந்துச்சு.

திட்டத்தை நடத்துற எஸ்கேபி நிறுவனம் இதை ஏத்துக்கலை. அவங்க நிதியில உப்சாலா பல்கலைக்கழகம் செஞ்ச சோதனைகள்ல அப்படி ஒரு அரிப்பு தெரியலை. ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு தரப்புக்கும் சண்டை இல்லை: தண்ணீர்ல சல்ஃபைடு இருந்தா ஆக்சிஜன் இல்லாமலும் செம்பு அரிக்கும். அப்போ கேள்வி, எவ்வளவு வேகமாங்கிறதுதான்.

2018 ஜனவரி 23. நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் குடுவை நீண்டகாலம் தாங்கும்னு இன்னும் ஆதாரம் வேணும்னு சொல்லுச்சு. அதே நாள்ல கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், அனுமதி கொடுக்கலாம்னு பரிந்துரைச்சது! கூடுதல் ஆதாரங்களைப் பார்த்த பிறகு, 2022 ஜனவரி 27-ல அரசு ஒப்புதல் கொடுத்துச்சு. 2025 ஜனவரியில ஃபோர்ஸ்மார்க்ல கட்டுமானமும் தொடங்கிடுச்சு. 2016-லயே இறந்துட்ட ஹுல்ட்குவிஸ்ட் இதையெல்லாம் பார்க்கலை.

அப்போ அவர் தோத்துட்டாரா? நான் அப்படிப் பார்க்கலை. நாம எழுதுற கோட்ல பிழை வந்தா அடுத்த வாரம் அப்டேட் விடலாம். பாறைக்குள்ள மூடிவெச்ச குடுவைக்கு அது முடியாது. அதனால சந்தேகத்தை எல்லாம் முன்னாடியே கேட்டாகணும். ஒருத்தர் விடாம கேட்டதாலதான், ஸ்கூல் பாடத்துல முடிஞ்சிருக்க வேண்டிய பதிலை ஒரு நாடே மறுபடி சோதிச்சுப் பார்த்துச்சு.