உறை வேண்டாத துப்பாக்கி

இராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் தோல் பதனிடும் ஊர்களில் வாழ்பவர்களுக்குத் தோலுக்கும் படைக்கும் உள்ள உறவை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்கு மேல்தோலாகக் கப்பல் ஏறிற்று. தோட்டாப் பையும் அரைக்கச்சையும், அதிகாரி தம் ரிவால்வரைச் செருகி வைக்கும் உறையும் தோலால் ஆனவையே. அப்படியிருக்க, தோல் உறையே வேண்டாத ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பேசப் புகுவது இப்பகுதியினருக்குச் சற்று முரணாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கதையை வேலூரிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக்குறி கூடாது என்பதும், தோலால் செய்த குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்பதும் அவர்கள் மனத்தைப் புண்படுத்திய ஆணைகள். திப்பு சுல்தானின் மைந்தர்கள் அதே கோட்டைக்குள் காவலில் இருந்ததும் கிளர்ச்சிக்கு உரம் தந்தது. ஆனால் அவர்கள் ஏந்திய துப்பாக்கிகள் யாருடையவை? கும்பெனியார் கொடுத்தவை. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துச் சுடவேண்டியவை. நன்கு பழகியவன் கூட நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறைக்குமேல் சுட இயலாது. ஆகவே நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுந்தாலன்றி எதுவும் நடவாது. எழுந்தார்கள், கோட்டையைக் கைப்பற்றவும் செய்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து, அன்று காலையிலேயே அதை மீட்டுக்கொண்டார். வெள்ளையர் நூற்றுவருக்குமேல் மாண்டனர். சிப்பாய்களின் சாவு அதனினும் பன்மடங்கு.

ஆயுதம் தந்த கையே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்பதற்கு 1857-க்குப் பின்னும் சான்று வந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-இல் பிறந்த ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. பயிரை அழிக்கும் பன்றியை விரட்ட உழவன் விண்ணப்பம் எழுத வேண்டும். அவன் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கு அந்தத் தொல்லை இல்லை. பிற்காலத்தில் காந்தியடிகளே இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார் என்பது, அவரை அகிம்சையின் வடிவமாக மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இது இங்கே இப்படியிருக்க, பெல்ஜிய நாட்டில் லியேழ் நகருக்கு அருகேயுள்ள எர்ஸ்டல் என்னும் ஊரில் வேறொரு செயல் நிகழ்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1855-இல் பிறந்த ஜான் பிரௌனிங் என்பவர் அமைத்துத் தந்த கைத்துப்பாக்கியை, அவ்வூர்த் தொழிற்சாலை 1900-ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளையில் அடங்கியிருக்கும். அவ்வுருளையைச் சுற்றுவது சுடுபவனுடைய விரலின் வலிமை. பிரௌனிங்கின் கருவியில் அந்த வேலையை வெடிமருந்தே செய்தது. ஒரு குண்டு வெளியேறும் வேகத்தின் எதிர்விசை மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளும். வெற்றுக்கூடு வெளியே விழும். வில் அதை முன்னுக்குக் கொணர்கையில், கைப்பிடிக்குள்ளிருந்து அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். விசையை ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டும் என்பதால் இதைப் பாதித் தானியங்கி என்பதே சரி. வழக்கில் தானியங்கி என்றே பெயர் நின்றுவிட்டது.

அதன் மலிவுக்குக் காரணத்தை அதன் தோட்டாவில்தான் தேட வேண்டும். 7.65 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய தோட்டா அது. அதன் விசை அடக்கமானதாகையால் சிக்கலான பூட்டமைப்புத் தேவைப்படவில்லை. கனமான ஒரு மேற்பகுதியும் வலிய வில்லும் போதுமானவையாயின. உறுப்புகள் குறைந்தன, விலையும் குறைந்தது. அதே காலத்து ஜெர்மானிய மாஸரோ பெரியது, நுண்வேலை மிகுந்தது, மரத்தாலான உறையையே கட்டையாகப் பொருத்திச் சுடுவது. பிரௌனிங் சட்டைப்பைக்குள் அடங்கிற்று. முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்குபவன், பணமும் குறைவாக உள்ளவன், எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதில் ஐயம் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த முதல் வகை மட்டும் ஏழு இலட்சம் அளவில் செய்யப்பட்டது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்பதே கைத்துப்பாக்கிக்குப் பொதுப்பெயராயிற்று.

கடைக்காரர்கள் கண்முன் வைத்திருந்த வாடிக்கையாளர், இரவில் தனியே செல்லும் வணிகரும் வீட்டுக்காரருமாவர். ஆனால் 1904-இல் ஹெல்சிங்கியில் ருஷ்ய ஆளுநர் பொப்ரிக்கோவும், 1909-இல் ஹார்பின் இரயில் நிலையத்தில் ஜப்பானியப் பெருந்தலைவர் இட்டோவும் இந்தத் துப்பாக்கிக்கே இரையாயினர். அடிமைப்பட்ட நாடுகளின் இளைஞர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கருவியை நாடினர்.

இலண்டனில் அப்பொழுது சட்டம் தளர்வாக இருந்தது. 1909 ஜனவரியில் மதன்லால் திங்ரா என்ற மாணவர், ஹோல்பர்னில் உள்ள கடையொன்றில் 3 பவுன் 5 ஷில்லிங் கொடுத்து ஒரு கோல்ட் துப்பாக்கி வாங்கினார். அதுவும் பிரௌனிங்கின் அமைப்பே. இந்தியாவில் உரிமத்திற்காகக் கால்கடுக்க நிற்க வேண்டிய ஒருவர், ஆள்வோரின் தலைநகரில் குடை வாங்குவதுபோல் துப்பாக்கி வாங்கினார். ஜூலை 1-ஆம் நாள் அதனாலேயே கர்சன் வைலியைச் சுட்டார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் சாவர்க்கர் 20 பிரௌனிங்குகளை, சதுர்புஜ் அமீன் என்ற சமையற்காரரின் பெட்டியின் இரகசிய அடித்தட்டில் மறைத்துப் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்ஸனின் உயிரைக் குடித்தது. சாவர்க்கரின் அந்த இலண்டன் வட்டத்தில் இருந்தவர்தாம் நம் வ. வே. சு. ஐயர். 1910-இல் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது.

செங்கோட்டை வாஞ்சிநாதன், திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் புனலூரில் காட்டிலாகா குமாஸ்தா. குமாஸ்தாவின் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1911 ஜூன் 17 காலை, மணியாச்சிச் சந்திப்பில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். கொடைக்கானலுக்குப் பயணம். 1908-இல் தூத்துக்குடியில் துணைக் கலெக்டராக இருந்தபோது சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் வ. உ. சிதம்பரனாருக்கும் அவர் இழைத்த தீங்கைத் தென்பாண்டி மக்கள் மறக்கவில்லை. வாஞ்சி பெட்டியேறிச் சுட்டார். மேடையிலுள்ள கழிப்பிடத்துக்குள் புகுந்து அதே துப்பாக்கியால் தம் உயிரையும் போக்கிக்கொண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

வேலூரில் ஒரு கோட்டையே செய்யமுயன்றதை மணியாச்சியில் ஒரு மனிதர் சில வினாடியில் செய்தார் என்று சிலர் சொல்வதுண்டு. என்னால் அதை ஏற்க இயலவில்லை. வேலூர்ச் சிப்பாய்கள் ஓர் இடத்தைப் பிடித்து ஆள நினைத்தார்கள். சட்டைப்பைத் துப்பாக்கியால் ஒருவரைக் கொல்ல முடியுமேயன்றி, ஓரிடத்தை ஆள முடியாது. வாஞ்சியின் துணிவைப் போற்றுவது வேறு. கருவியின் எளிமையைச் செயலின் எளிமையாகக் கொள்வது வேறு. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 14 பேர் மீது வழக்கு நடந்தது. நீலகண்ட பிரமச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை. வழக்குக்கு அஞ்சி உயிர்விட்டோரும் உண்டு. செங்கோட்டையில் வாஞ்சியின் இளம் மனைவி பொன்னம்மாள் கைம்பெண்ணானார். பெட்டியில் எதிரே அமர்ந்திருந்த ஆஷின் மனைவியும் அப்படியே.

1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை விடுதலை பெற்ற இந்தியா 1959-இல் நீக்கிப் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. உரிமம் இன்றும் வேண்டும்; நிறவேறுபாடுதான் இல்லை. 2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்கலாகாது. பிரௌனிங்கின் கடைசி அமைப்பிலிருந்து பிறந்த 9 மில்லிமீட்டர் துப்பாக்கி, படைக்கும் காவலருக்கும் உரியது. குடிமக்களுக்கு அது விலக்கு. அவர்கள் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி .32 அளவுள்ளது, நம் நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலைகளிலேயே செய்யப்படுகிறது. .32 என்பது அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் அதன் பெயர் 7.65 பிரௌனிங்; எர்ஸ்டல் தொழிற்சாலையின் முதல் கைத்துப்பாக்கிக்கென்று அமைத்த அதே தோட்டா.